தண்டவாளம் திசை சொல்லாது

அருள்,

வண்டிச் சாவியை நீ அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினேன். எடுத்தால் நீ வேறு இடத்தில் ஒளிப்பாய், நான் வேறு இடத்தில் தேட வேண்டும், அறுபத்தேழு வயதில் எனக்கு அந்த விளையாட்டு தேவையில்லை. முப்பத்தொரு வருடம் பிரஸ் ஷாப்பில் விரல் ஒன்றுகூடக் குறையாமல் வேலை பார்த்தவனுக்கு, பெற்ற மகன் மொபெட் ஓட்டத் தடை போட்டிருக்கிறான் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். அது நியாயமா என்று பிறகு பேசுவோம். இன்று சனிக்கிழமை. நீ காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாய், கட்டுப்போட்ட கையோடு. நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் நீ மட்டும் படிப்பதற்கு அல்ல. உன் அம்மா படிக்கட்டும், நீ கட்டப்போகும் ரெஜினா படிக்கட்டும், முக்கியமாக அவள் அப்பா படிக்கட்டும். நீ படிப்பதற்கு முன்பே அவர் படித்துவிட்டால் அதற்காக என்னிடம் கோபித்துக்கொள்ளாதே. காரணம் போகப் போகத் தெரியும்.

உன் அம்மா கேட்டதில் இருந்து தொடங்குகிறேன். போன வாரம் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், "இந்தாய்யா, நீ ரயிலு பாக்கப் போறத நிறுத்தப் போறதில்ல, அது எனக்குத் தெரியும். எங்கெங்க போய் நிப்பன்னாச்சும் ஒரு துண்டுல எழுதி வச்சிட்டுப் போ. ஒரு நாளு வூட்டுக்கு வரலன்னா எந்த ஊரு புதர்ல போய் உன்ன தேடுறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் என் இடங்களை யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. பிள்ளைப்பாக்கத்தில் இருந்துகொண்டு ரயில் பார்ப்பவன் ஒவ்வொரு இடத்தையும் சொந்தமாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ரயில் கிடையாது, ஒரகடத்தில் கிடையாது. நம்மைச் சுற்றி ஓடுவதெல்லாம் கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான். தண்டவாளத்தைப் பார்க்க எந்தப் பக்கம் போனாலும் பத்து இருபது கிலோமீட்டர் போயாக வேண்டும். நல்ல இடம் எது என்பதற்கு எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். வண்டி வருவதும் தெரிய வேண்டும், போவதும் தெரிய வேண்டும். வெயில் முதுகில் விழ வேண்டும். எவனும் வந்து "இன்னா பெரிசு, இங்க இன்னா வேல?" என்று கேட்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த இடம் சென்னையைச் சுற்றி ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

முதல் இடம் வாலாஜாபாத் ஸ்டேஷன். நடைமேடையின் கடைசி, செங்கல்பட்டுப் பக்கம் பார்த்த முனை. அங்கே நின்றால் கார் ஏற்றுகிற ரயில் தெரியும். சாய்தளத்தில் கார்களை ஒவ்வொன்றாக ஓட்டி, ஜன்னல் அடைத்த பெட்டிக்குள் வரிசையாக ஏற்றுவார்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது, "ரயிலு காரத் தின்னுது" என்று சொன்னாய். அந்த ஒரு தடவைதான் உனக்கு ரயில் பிடித்திருந்தது. நான் ஏன் ரயில் பார்க்கத் தொடங்கினேன் என்று நீ ஒருபோதும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் ஷெட்டில் கதவுத் தகடு அடிப்போம். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்த வேண்டும், மேலே இருந்து பிரஸ் இறங்கும், கதவு வரும். ஒரு ஷிஃப்டில் எத்தனை கதவு என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன். அந்தக் கதவு எங்கே போகிறது, யார் திறக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வேலை விஷயமாக வாலாஜாபாத் போனபோது அந்தக் கார்கள் ரயிலில் ஏறுவதைப் பார்த்தேன். பின்கதவின் வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது நம் டை, நம் பிரஸ்ஸின் அச்சு. நான் அடித்த கதவு, நான் பார்க்காத ஊர்களுக்கு ரயிலேறிப் போகிறது. அன்று ஒரு மணி நேரம் நின்றேன். அதன் பிறகு நிற்காத வாரம் இல்லை.

இரண்டாவது, சிங்கப்பெருமாள் கோயில். தெற்கே போகிற, தெற்கிலிருந்து வருகிற அத்தனை வண்டியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மதியம் வைகை சென்னைப் பக்கம் பறக்கும், மாலையில் பல்லவன் எதிர்ப்பக்கம் பறக்கும். நடைமேடையில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி. அங்கே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. ஏரிக்கு அக்கரையில் நிற்க வேண்டும். தண்ணீர் அசையாத காலையில் ஒரே ரயில் இரண்டு ரயிலாகப் போகும். நான்காவது, பேசின் பிரிட்ஜ். அந்தப் பெயரை எழுதும்போதே நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது.

உனக்குப் பன்னிரண்டு வயது. பரீட்சையில் நல்ல மார்க் எடுத்திருந்தாய், பீச்சுக்குக் கூட்டிப் போகச் சொன்னாய். சரி என்றேன். மின்சார ரயிலில் போனோம். ஆனால் பீச்சுக்குப் போகிற வழியில் ஒரு அரை மணி நேரம் என்று சொல்லி உன்னைப் பேசின் பிரிட்ஜில் இறக்கிவிட்டேன். சென்ட்ரலில் இருந்து கிளம்புகிற எல்லா வண்டியும் அங்கே ஒன்றையொன்று தாண்டிப் பிரியும். அன்று நான் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரு வண்டி தாமதம். வெயில். பக்கத்தில் கால்வாய் நாற்றம். நீ இரண்டு தடவை "நைனா, போலாம் நைனா" என்றாய். மூன்றாவது தடவை நீ கேட்கவில்லை, சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாய். அப்போதும் நான், "வாயக் கொப்புளிச்சுக்கோ, இதோ வந்துடும்" என்றுதான் சொன்னேன். வண்டி வந்தது. பீச்சுக்குப் போகிற நேரம் போய்விட்டது. ஊருக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு நீ என்னோடு எந்த இடத்துக்கும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. நீ வராததைப் பெரிய குற்றமாக மனதில் வைத்துக்கொண்டேன். பதினேழு வருடம் கழித்து எழுதுகிறேன், குற்றம் உன் பக்கம் இல்லை.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு இடது காது கேட்கவில்லை. வலது காது பாதிதான் கேட்கிறது. இது இன்று நேற்று வந்ததல்ல, வேலையை விடுவதற்கு எட்டு ஒன்பது வருடம் முன்பே தெரியும். ஷெட்டில் காதடைப்பான் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களில் நான் முதல் ஆள். பிரஸ் இறங்குகிற சத்தத்தை வைத்தே தகடு சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன், காதை அடைத்தால் எப்படித் தெரியும் என்று சூப்பர்வைசரிடமே வாதாடியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை காது பரிசோதனை நடக்கும். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்து என்பார்கள். வெளியே நர்ஸம்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பொண்ணு சத்தம் அனுப்புவதற்கு விசையைத் தொடும்போது தோள் லேசாக அசையும். அதைப் பார்த்து நான் அழுத்துவேன். வருடா வருடம் தேறினேன். எவனும் சொல்லிக்கொடுக்காமல் நானே கண்டுபிடித்த தந்திரம் என்று பெருமை வேறு. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் லைனில் இருந்து எடுத்துப் பெருக்குகிற வேலையில் போடுவார்கள் என்று பயம். அந்த பயம்கூட எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். எவனையும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் தலையாட்டிச் சமாளித்தேன். இடது பக்கம் இருந்து யார் எது சொன்னாலும், "ம், சரி" என்று ஒரு தலையாட்டல். உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஊருக்கே தெரியும், உனக்கு மட்டுந்தான் தெரியாது," என்பாள். "காது மெஷினு வாங்கிப் போட்டா தல இன்னா கயண்டு வியுந்துடுமா?" என்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். ஆனால் ரயிலை ஏமாற்ற முடியவில்லை. தூரத்தில் வண்டி வருவதை முன்பெல்லாம் காது சொல்லிவிடும். அது சொல்வதை நிறுத்திய பிறகு, அதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இரும்பில் ஒரு அதிர்வு ஓடும். முப்பத்தொரு வருடம் இரும்பின் அதிர்வைக் கையில் வாங்கியவன், எனக்கு அது நன்றாகத் தெரியும். கூட்டமுள்ள ஸ்டேஷனில் இதைச் செய்ய முடியாது. யாரும் இல்லாத இடம் வேண்டும். அப்படித்தான் ஐந்தாவது இடத்துக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன்.

பாலூருக்கும் பழையசீவரத்துக்கும் நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு. ஒற்றைத் தடம். வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு திடீரென்று முழு நீளத்துக்கும் கண்முன்னால் விரியும். சென்னையைச் சுற்றி இதைவிட அழகான இடம் இல்லை என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். உன் அம்மாவுக்கு நான் தப்பித்தவறிச் சொல்லியிருந்த ஒரே இடமும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் உனக்கும் ரெஜினாவுக்கும் முதல் ஓலை, மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் பெண் வீட்டுக்கு நாம் மூன்று பேரும் போவதாகப் பேச்சு. மூன்று மணிக்குள் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றரைக்கும் வரவில்லை. நீங்கள் போன் அடித்தீர்கள், பாக்கெட்டில் இருந்த போன் எனக்குக் கேட்கவில்லை. உன் அம்மா உன்னை உன் பைக்கில் அனுப்பினாள். நீ வந்தபோது நான் தடத்தில் குனிந்து கையை வைத்திருந்தேன். அதிர்வு வந்தது. அந்த நேரத்துக்கு வாலாஜாபாத் பக்கம் இருந்து பாசஞ்சர் வர வேண்டும். அதனால் அதுதான் என்று முடிவு கட்டினேன். எழுந்து, ஜல்லியின் ஓரத்திலேயே நின்று, வாலாஜாபாத் பக்கம் பார்த்துக்கொண்டு, வளைவில் வண்டி முகம் காட்டுவதற்காகக் காத்திருந்தேன். அருள், தண்டவாளம் ரயில் வருகிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் இருந்து என்று சொல்லாது. இத்தனை வருடம் இரும்போடு பழகியவன் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. வந்தது பாசஞ்சர் இல்லை. கார் ஏற்றுவதற்காக வாலாஜாபாத்துக்குப் போகிற காலி வண்டி, எந்த அட்டவணையிலும் இல்லாதது, செங்கல்பட்டுப் பக்கம் இருந்து, என் முதுகுக்குப் பின்னால்.

நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்ததும் கேட்கவில்லை. என் இடுப்பில் ஏதோ மோதியது, அவ்வளவுதான் தெரியும். இரண்டு பேரும் சரிவில் உருண்டு முள்ளில் விழுந்தோம். மேலே வண்டி போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். நான் எழுந்து முதலில் பார்த்தது உன் முகத்தை அல்ல, அந்தப் பெட்டிகளைத்தான். பழக்கம். பிறகுதான் உன் வலது மணிக்கட்டு கல்லில் மடங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். நீ அழவில்லை. "நைனா, ஹாரன் கூடவா கேக்கல?" என்று கேட்டாய். எனக்குக் கேட்பதற்காக உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாய். அப்போதே உனக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்னேன், "காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது." இலைகூட அசையாத நேரம் அது.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே நின்றேன். ரெஜினாவின் அப்பா போன் செய்தார், ஏன் இன்னும் வரவில்லை என்று. அவர் பி.டி. மாஸ்டராக இருந்தவர், அவர் குரல் மட்டும் எனக்குப் போனில் நன்றாகக் கேட்கும். "இன்னா சம்பந்தி ஆச்சு?" என்றார். "பையன் வண்டியில இருந்து வியுந்துட்டாம்பா, கையில அடி," என்றேன். வாயில் வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவருடைய மூத்த மருமகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தவன். மூத்த பெண் ஃபிலோ இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தெரிந்தும் சொன்னேன். கிழவனுக்குக் காது செவிடு, ரயிலில் அடிபடப் பார்த்தான், பிள்ளை இழுத்துப் போட்டுக் கை ஒடிந்தான் என்று சொல்வதைவிட, பிள்ளை வண்டியில் இருந்து விழுந்தான் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. நீ கட்டோடு வெளியே வந்ததும் உன்னிடம் சொன்னேன், இப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று. நீ என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். "சரி நைனா," என்றாய். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் உன்னோடு சண்டை போட்டு, அதில் இந்தப் பொய்யை மறந்திருப்பேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். உன் எதிரே நாற்காலியைப் போட்டு, ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கு அவ்வளவு பக்கம் என்று எனக்குப் புரிந்தது.

"எந்த எடத்துல மாப்ள வியுந்தீங்க?"

"வாலாஜாபாத் ரோட்டுல மாமா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கூட்டுக்கு வரணும். நாலு மணிக்கு வாலாஜாபாத் ரோட்டுல இன்னா வேல?"

நீ கட்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாய்.

"வண்டியில ஒரு கீறலும் காணோம். வெளியதான் நிக்குது, பாத்துட்டுதான் வந்தேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. "மாப்ள, உங்களுக்குப் பழக்கம் ஏதும் உண்டா? இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"இல்ல மாமா."

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் உன்னிடம் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நீயும் என் பக்கம் திரும்பினாய். உன் அம்மா அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்றிருந்தாள். நான் ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காப்பி ஆறுதுங்க," என்றாள் உன் அம்மா. மாஸ்டர் குடிக்காமல் எழுந்து போனார். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அரிசி டிரம்மில் சாவி விழுந்தது அன்றைக்குத்தான்.

போன ஞாயிறு இரண்டாவது ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசித்தபோது, கோயிலில் எல்லோரும் எப்போதும்போல விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறிவிக்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான். தடையை உண்டாக்கியவனே நான்தான். வாயைத் திறக்கவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் உன் அம்மாவுக்குப் போன் செய்தார். உன் அம்மா போனை வைத்துவிட்டு என் வலது பக்கம் வந்து நின்றாள். "நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் பாப்பாராம். அதுக்குள்ள நெசம் இன்னான்னு யாரும் வந்து சொல்லலன்னா, மூணாவது ஓலைய வாசிக்க வாணாம்னு சாமியார்கிட்ட சொல்லிடுவாராம். ஒரு பொண்ண குடுத்து பட்டது போதும்ங்கிறாரு." பிறகு சொன்னாள், "உம் புள்ள சொல்ல மாட்டான்யா. உன்ன காட்டிக்குடுத்துட்டுக் கல்யாணம் பண்ணிக்கிற ஆளு இல்ல அவன். கல்யாணத்த வுட்டாலும் வுடுவானே தவிர வாயத் தொறக்க மாட்டான். உன்ன மாதிரியேதான்."

நேற்று மாதத்தின் முதல் வெள்ளி. மாலையில் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். காது, நர்ஸம்மாவின் தோள், தண்டவாளம், போனில் சொன்ன பொய், ஆப்பிள் பை. சொல்லி முடித்தேன். சாமியார் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். பாவத்துக்கு ஈடாக நான் செய்ய வேண்டிய பிராயச்சித்தத்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். நான் மண்டியிட்டிருந்த பக்கத்தில் தடுப்புக்கு நேராக இருந்தது என் இடது காது. அவர் மெதுவாகப் பேசுகிறவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டால் உரக்கச் சொல்வார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். தலையாட்டினேன். ஆமென் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

காது கேட்காததை மறைத்த பாவத்தைச் சொல்லப் போன இடத்திலேயே காது கேட்காததை மறைத்துவிட்டு வந்தவன் நான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இது உறுத்தியது. என்ன செய்யச் சொன்னார் என்று தெரியாததால், நானே ஒன்றை முடிவு செய்தேன். இந்தக் காகிதங்கள்தான் அது. பேசப் போனால் நான் எதையாவது திருப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எழுதியதைத் திருப்ப முடியாது. இப்போது மணி பதினொன்று. இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் போகிறேன். பஸ்ஸில்தான் போகிறேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

மணி மூன்றரை. வந்துவிட்டேன்.

மாஸ்டர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க," என்றார், சம்பந்தி என்று சொல்லவில்லை. காகிதங்களை நீட்டினேன். "இன்னா இது?" "படிங்க மாஸ்டர். எம் புள்ளைக்கு எழுதுனது. உங்களுக்கும் சேத்துதான்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை, நான் கேட் ஓரம் நின்றேன். அவர் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். வைகையாகத்தான் இருக்க வேண்டும், ஒன்று போனது. காலடியில் தரை அதிர்ந்தது. எந்தப் பக்கம் போனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மகனே, என் வாழ்க்கையில் ஒரு ரயில் போகும்போது நான் திரும்பிப் பார்க்காதது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஃபிலோவின் பேச்சு வந்த தாளில் ரொம்ப நேரம் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது, ரெஜினாவாக இருக்கலாம்.

படித்து முடித்துக் காகிதங்களை மடித்தார். எழுந்து, என்னைத் தாண்டி, குழாயை நிறுத்தப் போனார். போகிறபோது என் இடது பக்கமாக நின்று ஏதோ சொன்னார். முகம் செடிப் பக்கம் இருந்தது, உதடு தெரியவில்லை. என் தலை பாதி ஆடிவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், அது என்னைக் கேட்டுக்கொண்டா ஆடுகிறது? பாதியில் நிறுத்தினேன்.

"எனக்குக் கேக்கல மாஸ்டர்," என்றேன். "இந்தப் பக்கம் வந்து திருப்பிச் சொல்லுங்க."

தெருவில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். மாஸ்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்தார். மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "பதிமூணு நாளா எம் பொண்ணு ஒழுங்கா சோறு துன்னல. அதுக்கு உம்ம சும்மா வுட மாட்டேன், அத அப்புறம் வச்சிக்கிறேன். இப்ப நான் கேட்டது, மாப்ள கட்ட எப்ப பிரிப்பாங்க? தாலி முடிச்சு போட ரெண்டு கையும் வேணும்."

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பிரிச்சிடுவாங்க," என்றேன்.

"அப்ப நாளைக்கி வாசிக்கட்டும்," என்றார். காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். காப்பி குடிக்கிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை, நானும் நிற்கவில்லை. அவர் கோபம் நியாயமானது. அது தீர நாளாகும், தீராமலும் போகலாம். உன் மாமனாரிடம் நான் வாங்க வேண்டியதை நானே வாங்கிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே.

இதைப் படித்துவிட்டு நைனா மாறிவிட்டார் என்று நீ நினைக்க வேண்டாம். ரயில் பார்ப்பதை நான் நிறுத்தப் போவதில்லை. அதைக் கேட்க உனக்கு உரிமை இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். உன் அம்மா கேட்ட துண்டை எழுதி அடுக்களைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வாலாஜாபாத் நடைமேடை முனை, சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன், கொளவாய் ஏரி அக்கரை, பேசின் பிரிட்ஜ். நான்கு இடம்தான். ஐந்தாவதை எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன். நடைமேடையும் ஏரிக்கரையும் எனக்குப் போதும், தண்டவாளத்தில் இனி கை வைக்க மாட்டேன். திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் எனக்குக் கேட்டது. இன்னொன்று, சாமியாரிடம் மறுபடியும் போக வேண்டும், நேற்று என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.

சாவி டிரம்முக்குள்ளேயே இருக்கட்டும். கல்யாணம் முடிந்து ஒரு காலையில், உனக்கு ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து, நீயே எடுத்து ஓட்டு, நான் பின்னால் உட்கார்கிறேன். முதலில் பீச்சுக்குப் போவோம், அது உனக்கு நான் பாக்கி வைத்தது. வருகிற வழியில் உனக்கு மனமிருந்தால் கொளவாய் ஏரி. வந்தால் என் வலது பக்கம் நில்.

நைனா